கிடபாவான்: ஆப்போ மலையடியில் ஒரு பழ ஊர் (போனவர்களும் போக நினைப்பவர்களும் எழுதுங்கள்)

காவேரிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். பிலிப்பீன்ஸ் என்றதும் இங்கே வரும் கேள்விகள் எல்லாம் போராகாய், செபு, பாலவான் பற்றித்தான். நான் எழுத வந்தது கடற்கரையே இல்லாத ஓர் ஊரைப் பற்றி. பெயர் கிடபாவான். தெற்கே மிண்டனாவோ தீவில், டாவாவ் நகரத்திலிருந்து சாலை வழியாக சுமார் 110 கிலோமீட்டர். கோத்தபாத்தோ மாகாணத்தின் தலைநகர். 2020 கணக்கெடுப்புப்படி மக்கள்தொகை ஏறத்தாழ 1 லட்சத்து 60 ஆயிரம். 1998இல்தான் நகர அந்தஸ்து கிடைத்தது. நகரம் என்று சொன்னாலும் பெரும்பகுதி தோப்பும் வயலும்தான்.

என் மகள் டாவாவில் மருத்துவம் படிக்கிறாள். அவளுடைய வகுப்புத் தோழியின் சொந்த ஊர் இது. ஆகஸ்டில் மகளைப் பார்க்கப் போனபோது, "எங்க வீட்டுக்கு வராமல் அம்மா ஊருக்குத் திரும்பக் கூடாது" என்று அந்தப் பெண் ஒற்றைக்காலில் நின்றாள். இரண்டு நாள் என்று போய் ஆறு நாள் தங்கினேன்.

பேருந்தில் வலப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள் என்று யாரோ சொன்னார்கள். அது சொன்னவருக்குப் புண்ணியம். டிகோஸ் தாண்டியதும் ஆப்போ மலை கூடவே வர ஆரம்பிக்கிறது. 2,954 மீட்டர், பிலிப்பீன்ஸிலேயே உயரமான மலை. காலையில் முழுசாகத் தெரியும், பத்து மணிக்கு மேல் மேகம் போர்த்திக்கொள்ளும். பன்சாலன், மக்கிலாலா என்று ஊர்கள் கடக்கக் கடக்க சாலையோரம் வாழை, ரப்பர், தென்னை, தென்னைக்கு அடியில் லான்சோனஸ் என்ற பழ மரங்கள். கிடபாவான் என்ற பெயரே மனோபோ பழங்குடியினரின் 'திடபாவான்' என்ற சொல்லிலிருந்து வந்ததாம். 'திடா' என்றால் ஊற்று, 'பாவான்' என்றால் மேட்டு நிலம். மேட்டில் ஊறும் தண்ணீர். காவிரித் தண்ணீர் எப்போது வரும் என்று கணக்குப் பார்த்தே வளர்ந்தவள் நான். ஓர் ஊர் தன் பெயரிலேயே ஊற்றை வைத்திருப்பதைக் கேட்டதும் மனசுக்குள் என்னவோ செய்தது.

ஆகஸ்டில் அங்கே 'திம்புப்போ' விழா. மனோபோ மொழியில் அறுவடைக் காலம் என்று பொருள். டூரியன், ரம்புட்டான், மங்குஸ்தான், லான்சோனஸ், மராங் எல்லாம் சேர்ந்து பழுக்கும் பருவம். விழாவை விட எனக்குப் பிடித்தது, விழா முடிந்த மறுநாள் தோழியின் பாட்டி வீட்டுப் பின்கட்டில் மராங் உரித்த காட்சிதான். பார்ப்பதற்குச் சின்னப் பலாப்பழம் போல இருக்கும். முள்ளும் மெத்தென்றுதான். பாட்டி கத்தியால் இடுப்பு வாக்கில் வட்டமாக ஒரு கீறல் போட்டு, இரண்டு கையாலும் மேல்தோலைத் தொப்பியைக் கழற்றுவது போலத் தூக்கினார். உள்ளே காம்பைச் சுற்றி மல்லிகைப் பந்து மாதிரி வெள்ளை வெள்ளையாகச் சுளைகள். காம்பைப் பிடித்துத் தூக்கினால் மொத்தப் பந்தும் எழும்பி வந்தது. ஒவ்வொரு சுளையிலும் ஒரு கொட்டை. வாயில் வைத்தால் ஐஸ்கிரீம் போலக் கரைகிறது. திறந்து கொஞ்ச நேரம் விட்டால் கறுத்து ருசி போய்விடும். அதனால் அது வெளியூருக்கு அதிகம் போவதில்லை. அங்கே போய்த்தான் சாப்பிட வேண்டும்.

மலையேற வருகிறவர்கள் இந்த ஊரில் ஒரு ராத்திரி தூங்கிவிட்டு விடியற்காலையில் போய்விடுகிறார்கள். அது சரியில்லை என்பதுதான் என் வாதம். ஊருக்கென்றே மூன்று நாள் வையுங்கள். கேள்வி இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

---

நெல்லைச்சாரல்

அக்கா, அருமையாக எழுதியிருக்கிறீர்கள். நானும் மனைவியும் அடுத்த வருடம் போகலாம் என்று யோசிக்கிறோம். மூன்று சந்தேகம். மிண்டனாவோ என்றாலே வீட்டில் பயப்படுகிறார்கள், பாதுகாப்பு எப்படி? விசா எப்படி? மனைவி சுத்த சைவம், சாப்பாட்டுக்கு என்ன வழி?

---

காவேரிக்கரை

விசா சுலபம் தம்பி. 2025 ஜூன் 8 முதல் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் சுற்றுலாவுக்கு 14 நாள் விசா இல்லாமல் தங்கலாம். நீட்டிக்க முடியாது. கடவுச்சீட்டு இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். திரும்பும் டிக்கெட், தங்குமிடச் சான்று, கையில் செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று மூன்றையும் தாளாக எடுத்துப் போங்கள். கிளம்புவதற்கு முன் இ-டிராவல் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். நான் திருச்சியிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து நேராக டாவாவ் போனேன். மணிலா பக்கமே போகவில்லை.

பாதுகாப்பைப் பற்றி மூடி மறைத்துச் சொல்ல மாட்டேன். பல நாட்டு அரசுகள் மிண்டனாவோவின் சில பகுதிகளுக்குப் போகாதே என்று அறிவிப்பு வைத்திருக்கின்றன, கோத்தபாத்தோ மாகாணமும் அதில் வருவதுண்டு. அந்தப் பாதையில் ஓடும் பேருந்துகளில் குண்டு வெடித்த வரலாறு இருக்கிறது. அரசுக்கும் மோரோ என்ற முஸ்லிம் கிளர்ச்சி இயக்கத்துக்கும் 2014இல் ஒப்பந்தம் ஆனது, 2019இல் முஸ்லிம் பகுதிகளுக்குத் தன்னாட்சி அமைந்தது. கிடபாவான் அந்தத் தன்னாட்சிப் பகுதியில் சேராது. நான் இருந்த ஆறு நாளும் ராத்திரி எட்டு மணி வரை சந்தையில் நடமாடினேன், ஒரு குறையும் இல்லை. ஆனால் என் ஆறு நாளை மட்டும் நம்பி நீங்கள் முடிவெடுக்கக் கூடாது. பயணக் காப்பீட்டில் அந்த மாகாணம் அடங்குமா என்று முதலில் பாருங்கள். உள்ளூர் ஆள் ஒருவரின் தொடர்பு இல்லாமல் கிராமப்பக்கம் போகாதீர்கள்.

சைவத்துக்கு என் மகளே பதில் சொல்லட்டும், அவள்தான் நாலு வருடமாகப் போராடுகிறாள்.

---

டாவாவ்_மாணவி

வணக்கம் அண்ணா, அம்மா சொல்லித்தான் கணக்குத் தொடங்கினேன்.

டாவாவில் ஈக்கோலேண்ட் பேருந்து நிலையத்தில் கிடபாவான் வண்டி அடிக்கடி கிடைக்கும். இரண்டரை மணியிலிருந்து மூன்று மணி நேரம். ஏசி வண்டியில் குளிர் நடுக்கிவிடும், அண்ணிக்கு ஒரு சால்வை எடுத்து வாருங்கள். திரும்பி வரும்போது டாவாவ் எல்லையில் ராணுவச் சோதனைச் சாவடி இருக்கிறது. எல்லோரும் இறங்கி வரிசையில் நடந்து போய் மறுபடி ஏற வேண்டும். பழகிவிடும். கடவுச்சீட்டு கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

சாப்பாடு: தெருவோரச் சாப்பாட்டுக்கடையைக் 'கரிந்தேரியா' என்பார்கள். சட்டி சட்டியாக வரிசையாக வைத்திருப்பார்கள், மூடியைத் திறந்து பார்த்துக் கையைக் காட்டி வாங்கலாம். காய்கறி என்று காட்டுவதிலும் 'கினாமோஸ்' என்ற மீன் ஊறல் கலந்திருக்கும். பாசிப்பயறு குழம்பில் பன்றித் துண்டோ கருவாடோ கிடக்கும். "காய் மட்டும்" என்று சொன்னால் போதாது. "இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், கினாமோஸ் வேண்டாம்" என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். 'வலாய்' என்றால் இல்லாமல். "வலாய் கர்னே, வலாய் இஸ்தா, வலாய் கினாமோஸ்." மூன்றையும் சொன்னபிறகு கடைக்கார அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு முட்டை பொரித்துத் தருவார்.

ஆனால் பசியோடு படுக்க வேண்டியதில்லை. காலையில் 'புத்தோ மாயா' கிடைக்கும். ஒட்டரிசியைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்தது. கூடவே 'சிக்வாதே' என்று உள்ளூர்க் கொக்கோவைக் கரைத்துக் காய்ச்சிய பானம், தொட்டுக்கொள்ள மாம்பழம். அப்புறம் முருங்கைக்கீரை. இங்கே 'கமுங்காய்' என்பார்கள், வேலிக்கு வேலி நிற்கிறது. முதல் வருடம் அந்தக் கீரையைச் சூப்பில் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது, வீட்டு ஞாபகம்.

பேருந்தில் விற்க ஏறுபவர்களிடம் வாழையிலைப் பொட்டலம் பார்த்தால் அது 'பாஸ்தில்'. மகிந்தனாவோன் முஸ்லிம் மக்களின் சாப்பாடு. சோற்றின் மேல் துருவிய கோழிக்கறி. அசைவம் சாப்பிடுபவர்கள் விடக்கூடாது. இலையைப் பிரித்ததும் வரும் வாசனை நம் கட்டுச்சோறுதான்.

---

குலசேகரத்தான்

ரப்பர் என்று படித்ததும் நின்றுவிட்டேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் ரப்பர் இருக்கிறது. அங்கே பால்வெட்டு எப்படி? பாலை உறையவைத்துத் தகடாக ஷீட் அடிக்கிறார்களா, பாலாகவே கொடுக்கிறார்களா?

---

காவேரிக்கரை

ஐயா, நான் நெல் பார்த்து வளர்ந்தவள், ரப்பர் விஷயம் தெரியாது. பார்த்ததைச் சொல்கிறேன். தோழியின் மாமாவுடன் விடியற்காலை தோப்புக்குப் போனேன். மரத்தில் சாய்வாகக் கீறி, கீழே தேங்காய்ச் சிரட்டை கட்டியிருந்தார்கள். பாலை எடுத்து ஊற்றவில்லை. சிரட்டையிலேயே உறையவிட்டு, நாலைந்து தடவை வெட்டு சேர்ந்ததும் கட்டியாக எடுத்து மூட்டை கட்டுகிறார்கள். வியாபாரி வந்து ஈரத்தோடு எடை போட்டு வாங்குகிறார். மூட்டையின் நாற்றம்! சாலையில் ரப்பர் லாரி முன்னால் போனால் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

---

குலசேகரத்தான்

புரிந்தது. நாங்கள் ஒட்டுப்பால் என்று ஓரமாகச் சேர்த்து விற்பதை அவர்கள் முதன்மைச் சரக்காகவே விற்கிறார்கள். அதில் ஒரு நியாயம் உண்டு. ஷீட் அடிக்க ஆசிட், தட்டு, ரோலர், புகைப்புரை, அதற்கு ஆள் எல்லாம் வேண்டும். கட்டியாக விற்றால் அந்தச் செலவு இல்லை. ஆனால் ஈரத்தோடு விற்கும்போது எடையில் எவ்வளவு தண்ணீர் என்று முடிவு செய்வது வாங்குகிறவர். விவசாயி அங்கேதான் தோற்கிறார். 2011இல் விலை உச்சத்தில் இருந்தபோது நட்டவர்கள் மரம் வெட்டுக்கு வந்த நேரம் விலை விழுந்து கிடந்ததைப் பார்த்தார்கள். எங்கள் ஊரிலும் அப்படித்தான். அங்கே என்ன சொன்னார்கள்?

---

காவேரிக்கரை

மாமாவும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். ஒரு பகுதி ரப்பரை வெட்டிவிட்டு டூரியன் ஒட்டுக்கன்று வைத்திருக்கிறார். "ரப்பர் தினமும் கொஞ்சம் கொடுக்கும். டூரியன் வருடத்துக்கு ஒரு முறை, மனசிருந்தால் கொடுக்கும்" என்றார். முழுசாக வெட்ட அவருக்குத் தைரியம் வரவில்லை.

---

பினாங்குக்காரன்

மலேசியாவிலிருந்து. டூரியன் பற்றி நானும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மூன்று வருடம் முன்பு டாவாவ், கிடபாவான் இரண்டும் போனேன். எங்கள் பக்கம் பழம் தானாக மரத்திலிருந்து விழுந்த பிறகுதான் பொறுக்குவோம், அன்றே சாப்பிட்டுவிட வேண்டும். அங்கே நான் சாப்பிட்டதில் 'புயாட்' இனம் சதைப்பிடிப்பானது, இனிப்பு அதிகம், வாசனை மிதமானது. முதல் தடவை சாப்பிடுபவர்கள் அதில் தொடங்கலாம். 'அரன்சிலியோ' சிறிய பழம், சுவை கனமானது, லேசான கசப்பு உண்டு. எங்களுக்கு அதுதான் பிடிக்கும். நாட்டு ரகம் என்று ஒன்றைக் குவித்து மலிவாக விற்பார்கள். சதை மெல்லியது, மணம் தெருவையே தூக்கும். என் கணக்கில் அதுதான் ராஜா.

கடைக்காரர் கத்திப்பிடியால் தட்டிக் காது கொடுப்பார், காம்பை முகர்வார். நீங்களே தேர்ந்தெடுக்கப் போகாதீர்கள், "இன்றைக்கே சாப்பிட" என்று சொல்லிவிட்டு அவரிடம் விட்டுவிடுங்கள். அங்கேயே வெட்டச் சொல்லி, நின்றே சாப்பிடுங்கள். ஹோட்டல் அறைக்குள் டூரியன் விடமாட்டார்கள். சில இடங்களில் மங்குஸ்தானும் கூடாது, தோல் சாறு பட்டால் படுக்கை விரிப்பில் கறை போகாது.

ஒரு விஷயத்தில் அக்காவோடு ஒத்துப்போகவில்லை. டூரியனுக்காக மட்டும் கிடபாவான் வரை போக வேண்டியதில்லை, டாவாவிலேயே எல்லா இனமும் கிடைக்கும்.

---

காவேரிக்கரை

கிடைக்கும் தம்பி, மறுக்கவில்லை. ஆனால் டாவாவில் நீங்கள் விற்பவரைத்தான் பார்க்கிறீர்கள். கிடபாவானில் மரம் வைத்தவரைப் பார்க்கலாம்.

---

வயல்வரப்பு

எல்லாம் படித்தேன். நல்ல இழை. ஆனால் அந்த ஊரின் பெயரை நான் முதன்முதலில் கேட்டது பழத்துக்காக இல்லை, அதனால் எழுதுகிறேன்.

2016 ஏப்ரல் 1. எல் நினோ வறட்சியில் மாதக்கணக்கில் மழையில்லை. சோளமும் நெல்லும் கருகிவிட்டன. கோத்தபாத்தோ விவசாயிகள், பழங்குடி மக்கள் ஆயிரக்கணக்கில் கிடபாவானில் தேசிய நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். கேட்டது 15,000 மூட்டை அரிசி. போலீஸ் கலைக்க வந்தது, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின, நிறையப் பேர் காயமடைந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் பக்கத்து மெதடிஸ்ட் தேவாலய வளாகத்தில் தஞ்சம் புகுந்தார்கள். "அரிசி கொடு, குண்டு வேண்டாம்" என்ற முழக்கம் நாடு முழுவதும் பரவி, பொதுமக்களே மூட்டை மூட்டையாக அரிசி அனுப்பினார்கள்.

பழ விழா நடக்கும் அதே ஊர். பழம் பழுத்துக் கொட்டும் மண்ணில் அரிசிக்காக ஏன் சாலையில் உட்கார வேண்டி வந்தது? இதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த ஊருக்குப் போவது பாதிப் பயணம் என்று நினைக்கிறேன். யாரையும் குறை சொல்லவில்லை, தோழர்களே. நானும் டெல்டாக்காரன். வறட்சியில் கருகிய பயிரைப் பார்த்தவன்.

---

காவேரிக்கரை

நீங்கள் இதை எழுதியதற்கு நன்றி. முதல் பதிவிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சாலையில்தான் பேருந்தை விட்டு இறங்கினேன். தோழியின் பாட்டிதான் இடத்தைக் காட்டினார்.

ஏன் என்று நானும் அவரைக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தோப்பு வைத்திருப்பவர்கள் வேறு, மேட்டு நிலத்தில் சோளம் போடுகிறவர்கள் வேறு. டூரியன் மரத்துக்கு ஏழெட்டு வருடம் காத்திருக்க வேண்டும், காத்திருக்கிற வருடங்களில் அடுப்பு எரிய வேறு வழி இருக்கிறவர்தான் மரம் வைக்கலாம். மற்றவர்களுக்கு மூன்று, நாலு மாதத்தில் கைக்கு வருகிற பயிர்தான் கதி. அது கருகினால் அடுத்த விதைக்கே கடன். மரம் வைத்தவருக்கும் நிம்மதி இல்லை. வறட்சியில் பூ உதிர்ந்தால் அந்த வருடம் போச்சு. நன்றாகக் காய்த்தால் எல்லோருக்கும் ஒரே மாதத்தில் காய்த்து விலை சரிந்துவிடும். ரம்புட்டானைப் பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டாமல் மரத்திலேயே விட்ட வருடம் உண்டாம்.

"பழம் விருந்தாளிக்கு, சோறுதான் வீட்டுக்கு" என்றார் பாட்டி. பிசாயா மொழியில் சொன்னார், மகளின் தோழி மொழிபெயர்த்தாள். அவர் சொல்லி முடித்து லான்சோனஸ் தோலைச் சேர்த்து முற்றத்தில் பற்றவைத்தார், கொசு வராமல் இருக்க. காய்ந்த தோல் நன்றாகப் புகைகிறது. அந்தப் புகைக்கு நடுவில் ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை.

சாலையோரக் குடிசைக் கடையில் வாங்குங்கள். பெரும்பாலும் அந்தத் தோப்புக்காரர்களே உட்கார்ந்திருப்பார்கள். பேரம் பேசாதீர்கள். நான் ரம்புட்டான் ஒரு பெரிய பை வாங்கினேன், நம் ஊர்ப் பணத்துக்கு ஒரு நல்ல காபி விலைதான் ஆனது. அதிலும் குறைத்துக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை.

---

மலையேறி_கோவை

மலை பற்றி யாரும் எழுதவில்லையே. 2018இல் கிடபாவான் பக்கமிருந்து ஆப்போ ஏறினேன். மூன்று நாள். அக்கா சொல்கிற அந்த ஒரு ராத்திரி ஆட்களில் நானும் ஒருவன். இப்போது வருத்தமாக இருக்கிறது.

இலோமாவிஸ் என்ற மலைக்கிராமம் வரை வண்டி போகும். அங்கே ஆக்கோ ஏரி, தரையிலிருந்து நீராவி எழும்பிக்கொண்டே இருக்கும், கந்தக வாடை. வெந்நீர்க் குளமும் சேற்றுக் குளியலும் உண்டு. ஏறாதவர்கள் அதுவரை போய் வந்தாலே போதும். அதற்கு மேல் மார்பெல் ஆற்றைப் பல தடவை கடக்க வேண்டும். மழை வந்தால் தண்ணீர் சட்டென்று ஏறும், வழிகாட்டி நில் என்றால் நிற்க வேண்டும். மேலே வெனாடோ ஏரிக்கரையில் கூடாரம். அனுமதிச் சீட்டு நகரச் சுற்றுலா அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்க வேண்டும். 2016இல் மலையில் பெரிய காட்டுத்தீ வந்து பாதைகளை மூடிவிட்டார்கள், அடுத்த வருடம்தான் திறந்தார்கள். அதனால் நெருப்பு விஷயத்தில் இப்போது கண்டிப்பு அதிகம்.

அந்தப் பக்கம் மலையின் வெப்பத்தில் மின்சாரம் எடுக்கும் நிலையம் இருக்கிறது, 100 மெகாவாட்டுக்கு மேல். 1990களின் கடைசியில் ஓட ஆரம்பித்தது. அதற்கு முன்னால் பெரிய போராட்டம். ஆப்போ மலை பழங்குடி மக்களுக்குத் தெய்வம், 'ஆப்போ' என்றால் மூதாதை. துளை போடக் கூடாது என்று 1989இல் பல குழுக்களின் மூத்தவர்கள் கூடி, கடைசிச் சொட்டு ரத்தம் வரை மலையைக் காப்போம் என்று 'தியாந்தி' என்ற ரத்த ஒப்பந்தம் செய்தார்கள். நிலையம் வந்துவிட்டது. என் சுமையைத் தூக்கிய மனோபோ அண்ணன் ஏறத் தொடங்கும் முன் வெற்றிலை பாக்கு வைத்துச் சில வார்த்தை சொன்னார். அவர் முடிக்கும் வரை நாங்கள் பையைத் தூக்கவில்லை.

---

டாவாவ்_மாணவி

மலையேறி அண்ணாவுக்கு அப்புறம் ஒன்று சேர்க்கிறேன், நிலநடுக்கம். 2019 அக்டோபரில் 16, 29, 31 என்று ஒரே மாதத்தில் மூன்று பெரிய நடுக்கம், எல்லாமே 6க்கு மேல். மக்கிலாலா பக்கம் மலைச்சரிவு கிராமங்களையே காலி செய்ய வேண்டி வந்தது. கிடபாவானில் ஒரு ஹோட்டல் கட்டடத்தின் கீழ்த்தளம் நொறுங்கிவிட்டது. என் தோழி அப்போது பள்ளி மாணவி, பல வாரம் வீட்டுக்கு வெளியே தார்ப்பாய்க்குக் கீழேதான் தூங்கினார்களாம். இன்றும் அவள் வீட்டில் கதவோரம் ஒரு பை மாட்டியிருக்கும், டார்ச், தண்ணீர், அரிசி. தங்கும் அறையில் வெளியேறும் வழியை முதலில் பார்த்து வையுங்கள். நடுக்கம் வந்தால் கதவை நோக்கி ஓடாமல் மேசைக்கு அடியில் போங்கள், நின்றபிறகு வெளியே வாருங்கள்.

---

நெல்லைச்சாரல்

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. வயல்வரப்பு ஐயா எழுதியதைப் படித்துவிட்டு மனைவி, "நாம் போவோம், மலை வேண்டாம், ஊரில் இருப்போம்" என்று சொல்லிவிட்டாள். ஆகஸ்ட் கடைசியில் டிக்கெட் பார்க்கிறேன். குற்றாலத்தில் சீசனுக்கு மங்குஸ்தான், ரம்புட்டான் வாங்கிப் பழகியவர்கள் நாங்கள், ஆனால் மரத்தடியில் பார்த்ததில்லை. தோப்புக்காரர் வீட்டுக்குப் போகும்போது என்ன எடுத்துப் போகலாம் அக்கா?

---

காவேரிக்கரை

பாட்டிக்கு நான் கொண்டுபோன பட்டுத்துணியை விட, கடைசி நாள் சந்தையில் வாங்கிக் கொடுத்த 10 கிலோ அரிசிப் பைக்குத்தான் அவர் கண் கலங்கினார். அதனால் அரிசி வாங்கிப் போங்கள், அங்கேயே கிடைக்கும், சுமக்க வேண்டாம். வீட்டுக்குள் நுழைந்ததும் "காவோன் தா" என்பார்கள், வாருங்கள் சாப்பிடுவோம் என்று அர்த்தம். ஒரு வாயாவது சாப்பிடுங்கள். மனைவி சைவம் என்று மகளின் தோழியிடம் முன்னாலேயே சொல்லி வைக்கிறேன், தேங்காய்ப்பாலில் பலாக்காய் சமைத்து வைப்பார்கள், கினாமோஸ் இல்லாமல். தேதி முடிவானதும் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.